பெற்றது மூன்று

வணக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். மன்னித்து, திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற வருடம் ஆவணி மாதம் நடந்தது இது. சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டை ஒட்டிய செட்டில் நான்கு விசைத்தறி போட்டு நானும் என் மனைவியும் கூலிக்கு நெய்கிறோம். தறி ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அன்று காலை கரண்ட் போய் சத்தம் நின்றிருந்த நேரத்தில், ஒரு பெண் கையில் தாள்களோடு வாசலில் வந்து நின்றாள். என் மகள் வயதுதான் இருக்கும். கோயம்புத்தூரில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாளாம்.

முன் காலத்தில் எத்தனை குழந்தைகள் இறந்துபோயின என்று கண்டுபிடிக்கிற படிப்பு அது. எப்படி முடியும் என்று கேட்டேன்.

"அப்பெல்லாம் செத்த குழந்தைங்களுக்கு சர்டிபிகேட் யாருங்கண்ணா வாங்குனாங்க? ஜனத்தொகை எடுக்க வந்தவங்க, பெத்தது எத்தனை, இப்ப இருக்கறது எத்தனைன்னு அம்மாக்களக் கேட்டு எழுதியிருக்காங்க. அந்த வித்தியாசத்த வெச்சுத்தான் நாங்க கணக்குப் போடறோம்" என்றாள்.

அப்படிச் சொன்ன பதில்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று பார்க்க, வயதான பெண்களிடம் அதே இரண்டு கேள்வியைக் கேட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகிறாளாம்.

என் மனைவி உள்ளே தார்க்குச்சியில் நூல் சுற்றும் மெஷினில் சிக்கிய இழையை எடுத்துக்கொண்டிருந்தாள். பெண்களைக் கேட்க வந்தாலும் வாசலில் நிற்கிற ஆண்தான் பதில் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம். பேசவே தயங்குகிற நானும் அன்று முந்திக்கொண்டேன்.

"ரெண்டுங்க அம்மணி. பையன் ஒண்ணு, பொண்ணு ஒண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கறாங்க."

எத்தனையோ வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்த பதில். அந்தப் பெண்ணும் இரண்டு, இரண்டு என்று எழுதிக்கொண்டு தாளை மடித்தாள்.

"ஏனுங்க, பெத்தது நானா நீங்களா?"

உள்ளே இருந்து என் மனைவியின் குரல். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் சிரித்தேன். நூல் ஒட்டிய கையோடு வெளியே வந்தவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மூணுன்னு எழுதிக்கோ கண்ணு. மொதப் பொண்ணு தங்கல. பதினோரு நாள் இருந்தா."

காய்ச்சல் கண்ட குழந்தையை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனோம். சிங்காநல்லூர் வரும்போது என் மனைவியின் மடியிலேயே அசைவு நின்றுவிட்டது. பேர் வைக்கவில்லை, ஒரு போட்டோ கூட இல்லை. அடக்கம் செய்துவிட்டு வந்து நான் அவளிடம், "தங்காதத இனிப் பேசாத, யாரு கேட்டாலும் சொல்லாத" என்றேன். அவளுக்காகச் சொல்வதாகத்தான் நினைத்தேன். பேசினால் எனக்குத் தாங்காது, அதுதான் நிஜம்.

அந்தப் பெண் தாளைப் பிரித்து, பிறந்தது என்ற இடத்தில் இரண்டை அடித்து மூன்று என்று எழுதினாள். எந்த வருடம் என்று மட்டும்தான் கேட்டாள். என் மனைவி கிழமை, நேரம், அன்றைக்குப் பெய்த மழை எல்லாம் சொன்னாள். குழந்தைக்குத் தலை நிறைய முடி என்றாள். தனக்குள்ளேயே ஒரு பேர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பேரை நானே அன்றுதான் கேட்டேன்.

"இதுல பேருக்கு இடமில்லீங்கக்கா. ஓரத்துல எழுதிக்கட்டுங்களா?"

"எழுது கண்ணு. எங்கியாச்சும் ஒரு எடத்துல இருக்கட்டும்."

தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். "உங்கள மட்டும் சொல்லி என்னங்கண்ணா, இந்த வீதியில பாதி வீட்டுல ஆம்பளைங்கதான் பதில் சொன்னாங்க. எல்லா வீட்டுக்கும் மறுபடி போகோணும்" என்று அவள் கிளம்பினாள்.

"டீ குடிக்காமப் போனீன்னா, ஒண்ணுமே பெக்கலீன்னு சொல்லிப்போடுவேன்" என்று என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவளை உட்கார வைத்தாள்.

அவள் போன பிறகு கரண்ட் வந்தது. நான் தறியை ஓட்டவில்லை. செட்டுக்குள் உட்கார்ந்து அழுதேன். என் மனைவி பக்கத்தில் வந்து, "இத்தன நாளா இத எங்கீங்க வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். மத்தியானம் வரை குழந்தையைப் பற்றியே பேசினோம்.

இப்போது யார் கேட்டாலும் எங்களுக்கு மூன்று பிள்ளைகள் என்று அவள் சொல்கிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். வந்த பெண்ணிடம் பேரைக் கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன். ஆனால் பதினோரே நாள் இருந்த மகளுக்கு என்னை மறுபடி தகப்பனாக்கியது அவள்தான் என்ற நன்றி என்றைக்கும் இருக்கும்.

எழுத வேண்டும் என்று நினைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதி முடித்தது இன்று, ஐப்பசி பத்தொன்பதாம் தேதி, எங்கள் மூத்தவளின் பிறந்த நாள்.