மேலே பார்த்த மாப்பிள்ளை

தாயாரம்மாளை என்னவென்று சொல்வது என்பது பீர்க்கன்கரணைச் சொந்தக்காரர்களுக்கு நாற்பது வருஷமாகத் தீராத தலைவலி. கழுத்தில் தாலி ஏறவில்லை, அதனால் விதவை இல்லை. கல்யாணமே ஆகாதவள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பூவும் பொட்டும் வைத்துக்கொண்டுதான் வளைய வருகிறாள், ஆனால் ஒரு பெண்ணுக்கு நலங்கு வைக்க அவளை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாத அதே ஜனங்கள் வாடகைக்கு வீடு வேண்டுமென்றால் மட்டும் இளித்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அண்ணன் குப்புராஜ் நிலத்தை விற்றுக் கட்டிய வரிசை வீடுகளுக்கு அவள்தான் ராணி. மோட்டார் போடுவதும் அவள், குழாயடிச் சண்டையைத் தீர்ப்பதும் அவள், குடியிருப்பவளுக்கு இடுப்பு வலி என்றால் ஆட்டோ பிடித்துக்கொண்டு ஓடுவதும் அவள். அவள் குரலுக்குப் பயப்படாத ஆள் அந்தத் தெருவில் கிடையாது.

அப்படிப்பட்டவளுக்கும் ஒரு பயம் இருந்தது. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

கோவிலம்பாக்கத்து ஜெயகிருஷ்ணனுக்கு அவளை நிச்சயம் செய்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவன் தலை நிமிராமல் கேசரியைத் தின்றுவிட்டுப் போனான். அவளும் நிமிரவில்லை. ஆக, கல்யாணத்துக்கு முதல் நாள் மாப்பிள்ளை அழைப்பு வரைக்கும் அவன் முகம் அவளுக்குச் சரியாகத் தெரியாது. தங்கை கல்யாணம் ஊர் பேசவேண்டும் என்று குப்புராஜ் எங்கோ அலைந்து, மேல்கூரையை மடக்கி வைக்கிற அமெரிக்கக் கார் ஒன்றைப் பிடித்து வந்திருந்தான். செவர்லே. கப்பல் மாதிரி நீளம். பின் சீட்டில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, அவனைச் சுற்றிச் சொந்தக்காரப் பிள்ளைகளை அடைத்து, பிள்ளையார் கோயிலிலிருந்து பேண்டு வாத்தியத்தோடு மண்டபத்துக்கு அழைத்து வந்தார்கள்.

அந்த ஊர்வலத்தைப் பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார்கள். எட்டிப் பார்க்காத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்? தாயாரம்மாள் மண்டபத்து மாடி அறையின் ஜன்னலைத் திறந்தாள். நேர் கீழே கார் நின்றிருந்தது, பேண்டுக்காரர்கள் அதன் முன்னால் ஆடிக்கொண்டிருந்தார்கள். டிரைவரின் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குப் பக்கத்திலேயே மாப்பிள்ளையின் முகம். அது அவளையே பார்த்தது. ஒரு கை மாலைமேல் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, படாரென்று ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

கார் மண்டப வாசலுக்கு வந்து, பெண்கள் ஆரத்தித் தட்டை நீட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. மாப்பிள்ளை சீட்டில் சாய்ந்திருந்தான், கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. இருதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். எப்போது நின்றது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் பேண்டு ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைகள், கோயிலை விட்டுக் கிளம்பியதிலிருந்தே மாமா பேசவில்லை என்றன. அப்படியென்றால் கோயில் தாண்டும்போதே போயிருப்பான் என்று பெரியவர்கள் முடிவு கட்டினார்கள். ஆரத்தி எடுத்தவள் ஒருத்தி, கண் அப்படியே மேல பாத்துகினு இருந்துச்சுடி என்று ஊரெல்லாம் சொன்னாள்.

அன்றைக்குப் பிடித்தது தாயாரம்மாளை அந்தப் பயம். ஜன்னலுக்குக் கீழிருந்து தன்னைப் பார்த்தது ஜெயகிருஷ்ணனா, அவனுடைய பிணமா? பிறகு வந்த வரன்களை எல்லாம் அவள் தட்டிக் கழித்தது அந்த ஒரு பார்வையை நம்பித்தான். அவர் என்னைப் பார்த்தார், அது போதும் என்று சில நாள் நிம்மதியாக இருப்பாள். சில நாள் பாத்திரம் துலக்கும்போது அந்தத் திறந்த வாய் நினைவுக்கு வரும், துலக்கியதையே திரும்பத் துலக்குவாள். இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. இன்றுவரை மாடி ஜன்னல் பக்கம் படுத்ததும் இல்லை.

இப்போது குப்புராஜின் மகள் ஓவியாவுக்குக் கல்யாணம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாலி கட்டுவதைவிட அதற்கு முன்னால் போட்டோ எடுப்பதுதான் பெரிய சடங்கு. காட்டாங்குளத்தூர் போகிற வழியில் யாரோ பணக்காரர் பழைய அமெரிக்கக் கார்களைச் சேர்த்து மியூசியம் வைத்திருக்கிறார், அங்கே இடம் பார்த்துவிட்டு வரலாம் என்று அத்தையையும் இழுத்துக்கொண்டு போனாள். அத்தையின் மாப்பிள்ளை கல்யாணத்துக்கு முன்பே செத்துப்போனார் என்பது ஓவியாவுக்குத் தெரியும். காரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

உள்ளே ஏசி குளிர். வெயிலே படாத கார்கள் பளபளவென்று வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த தாயாரம்மாள் கடைசியில் நின்றுவிட்டாள். வெளிர் நீலம், மடக்கிய கூரை, அதே நீளம். அதே கார்தான் என்று சொல்லமுடியாது. அந்த ஜாதிக் கார்.

"இந்த ஒரு வண்டியில மட்டும் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கலாம்மா" என்றார் காவலுக்கு இருந்த ஏகநாதன்.

"அத்தை, பின்னாடி ஏறுங்க, ட்ரையல் பார்க்கலாம். சார், நீங்க அந்தத் தொப்பிய போட்டுட்டு டிரைவர் சீட்ல உட்காருங்க சார், ப்ளீஸ்."

"நான் இன்னாத்துக்குடி? எனக்கு வேணாம்."

"ஒரே ஒரு போட்டோ அத்தை. நான் மாடியிலேர்ந்து எடுக்கறேன், டாப் ஆங்கிள் செமையா வரும்."

மறுப்பதற்குள் ஓவியா மாடி நடைபாதைக்கு ஓடிவிட்டாள். ஏகநாதன் படமெடுக்க வருகிறவர்களுக்காக வைத்திருந்த வெள்ளைத் தொப்பியை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தாயாரம்மாள் ஏறினாள். சீட் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. பாலிஷ் வாசனைக்கு நடுவே சம்பங்கி மாலையின் வாசம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவள் தேடவில்லை.

"சாயாதீங்க அத்தை! நீங்க பின்னாடி எங்கியோ இருக்கீங்க. டிரைவர் பக்கத்துல முகம் வரணும்!"

சாய்ந்திருந்த இடத்திலிருந்து தொப்பியைப் பார்த்தாள். எட்டாத தூரத்தில் இருந்தது. நடுவில் கால் நீட்டிப் படுக்கலாம். முன்னால் நகர்ந்தாள், சீட் பின்னுக்கு இழுத்தது. ஒரு கையை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் முன் சீட்டை எட்டிப் பிடித்து, பல்லைக் கடித்து உடம்பைத் தூக்கினாள். வெள்ளைத் தொப்பி கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது, அன்று மாப்பிள்ளை முகத்துக்குப் பக்கத்தில் இருந்த மாதிரி. அப்புறம்தான் முகத்தை மேலே உயர்த்த முடிந்தது.

பிணத்தால் இதைச் செய்யமுடியாது.

அவர்தான். உயிரோடுதான் என்னைப் பார்த்தார். தாயாரம்மாளின் உடம்பெல்லாம் சந்தோஷம் ஓடியது. நாற்பது வருஷம் ஒருத்தி இதற்காகக் காத்திருந்தால் அப்படித்தான் ஓடும். அது ஒரு மூச்சு நேரம்தான் நிலைத்தது. நெஞ்சில் அழுத்தியிருந்த தன் கையைப் பார்த்தாள். மாலைமேல் அவன் வைத்திருந்த கை நினைவுக்கு வந்தது. இத்தனை பாடுபட்டு எழுந்த மனுஷன் அழகு பார்க்க எழவில்லை. அந்த வாய் சிரிக்கவில்லை, கூப்பிட்டது. பேண்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அந்தத் தெருவிலேயே அவன் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான், அவள் ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

"சூப்பர் அத்தை! அப்படியே சிரிங்க!"

தாயாரம்மாள் வாயைத் திறந்தாள். தெருவையே நடுங்கவைக்கிற குரல் வெளியே வரவில்லை.

"ஓகே, போதும், இறங்கிடுங்க" என்று ஓவியா போனை இறக்கிக்கொண்டு திரும்பினாள்.

"போகாதடி" என்றாள் தாயாரம்மாள், முன் சீட்டை விடாமல். "அங்கியே நில்லு. என்னப் பாத்துகினே இரு."