காலியாக விட்ட வரி

ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவில் நான் ஆயா. சர்க்கார் பணத்தில் குடியைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. சாராயக் கடைகள் திறந்திருந்த காலம். ஊர் ஊராகப் போய், யார் குடிக்கிறார்கள், வீடு என்ன பாடுபடுகிறது என்று கேட்டு எழுதினார்கள்; துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள்.

உசிலம்பட்டிப் பக்கம் நான் பிறந்த ஊருக்கும் போனோம். ஜீப்பைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். நான் முன்னால் நடந்தேன். திறந்தார்கள்.

அண்ணன் மலைத் தோட்டத்து வேலைக்குப் போயிருந்தான். மதினி பதில் சொன்னாள். கன்றுக்குட்டியை விற்றுக் குடித்தது, இவள் கையை முறித்தது, எல்லாம். பிறகு என்னைத் தனியே இழுத்தாள்.

"அவரு காதுக்குப் போச்சுன்னா என்னையக் கொன்னுருவாரு தாயி."

"பேரு போட மாட்டாக மதினி. ஊரும் போட மாட்டாக."

இரண்டு வருடம் வெயிலில் நடந்தேன். கால் வீங்கும். மறுநாளும் நடப்பேன்.

புத்தகம் தயாரானது. ஊருக்கு ஒன்று பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். டைப் அடிக்கும் அம்மா, பிரதி எடுக்கும் ஸ்டென்சில் தாளை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.

"உழைச்சவங்க பேரு, ஆயாம்மா. டாக்டர் உங்களையும் போடச் சொன்னாரு."

டாக்டர்கள், டைப்பிஸ்ட், டிரைவர். நடுவில் நான், ஊர்ப் பெயரோடு. எட்டாவதோடு நின்றவள். இரண்டு தடவை படித்தேன். முன் பக்கங்களில் கன்றுக்குட்டியும் இருந்தது, கை முறிந்த பெண்ணும் இருந்தாள். என் பெயர் இல்லாவிட்டால் அது எந்த ஊர்க் கதையோ; இருந்தால் அண்ணன் வீட்டுக் கதை.

டாக்டரிடம் போனேன். "எம் பேரு வேணாங்கய்யா."

"ஏம்மா, இவ்வளவு உழைச்சிருக்கீங்க. வேணும்னா ஊரை மட்டும் எடுத்துடுறேன்."

"எங்கண்ணனுக்கு எம் பேரு தெரியாதாங்கய்யா?"

 அவர் டைப்பிஸ்டைக் கூப்பிட்டார். அவள் அந்த வரியைப் பிழை திருத்தும் மருந்து தடவி அழித்தாள். புத்தகத்தில் இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு வரி காலியாக வந்தது.

மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். சாப்பிடும்போது அண்ணன் சிரித்தான்.

"வாத்தியாரு ஒங்க ஆபீசு புத்தகத்தப் படிச்சுக் காட்டுனாரு. எவனோ கன்னுக்குட்டிய வித்துக் குடிச்சானாம்! நம்மள மாதிரி எல்லா ஊர்லயும் ஒருத்தன் இருக்கான்."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"டிரைவரு பேரெல்லாம் இருக்கு. ஒம் பேரக் காணோம். அம்புட்டுத்தானா ஒனக்கு மரியாதை?"

"அம்புட்டுத்தாண்ணே."

மதினி என் இலையில் குழம்பு ஊற்றினாள். போதும் என்று கையைக் காட்டினேன். இன்னொரு கரண்டி ஊற்றினாள்.