மேலே ஏறும்போது மூச்சை அடக்கினேன்

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள். ராயபுரத்தில், படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிய வலையை மூச்சடக்கி முங்கி அறுப்பது என் தொழில்.

மகள் என்னையும் என் மனைவியையும், முதுகில் காற்று சிலிண்டர் மாட்டி முங்கும் ஸ்கூபா விடுதிக்கு அழைத்துப் போனாள். "மூச்சை அடக்கவே கூடாது" என்று பயிற்சியாளர் பலமுறை சொன்னார். எனக்கே சொல்லித் தருகிறாரா என்று நினைத்தேன். கடலடியிலிருந்து ஏறும்போது பழக்கத்தில் அடக்கிவிட்டேன். அவர் என்னைப் பிடித்து நிறுத்தி, வயிற்றில் தட்டி மூச்சை விடவைத்தார்.

"சிலிண்டர் காத்து மேல வர வர விரியும். அடக்கினா நுரையீரலே கிழிஞ்சிருக்கும் அண்ணே!" என்றார் படகில்.

என் மனைவி, "பெரிய முங்கு நீச்சல்காரரு! மூட்டையக் கட்டு, வூட்டுக்குப் போலாம்" என்றாள்.

"நீ வோணும்னா போ. நான் நாளிக்கும் எறங்குவேன்" என்றேன். நாலு பேர் முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

சிலிண்டர் மாட்டினால் இப்போது மூச்சு விட்டுக்கொண்டேதான் ஏறுகிறேன். வெறும் உடம்போடு முங்கினால் மட்டுமே அடக்குகிறேன்.

அன்று சொன்னபடியே மறுநாள் காலை இறங்கினேன். தண்ணீர் கலங்கலாக இருந்தது. மீன் ஒன்றும் தென்படவில்லை.