மூன்று சுற்றில் கழன்ற போல்ட்

சக்கரங்கள் வெளியே தள்ளி நின்றால் கார் கம்பீரமாக இருக்கும் என்று, ஸ்பேசர் எனும் வளையங்களை வாங்கி சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே நானே மாட்டினேன். போல்ட்டுகளை மாற்றவில்லை, காரோடு வந்தவைதான். மறுவாரம் வலியசாலையிலிருந்து விழிஞ்ஞம் போகையில் ஸ்டீயரிங் நடுங்கியது.

"கண்டெய்னர் லாரி ஓடற ரோடு, அப்படித்தான் இருக்கும்" என்றேன் மனைவியிடம்.

பைபாஸ் ஏறியதும் அவள் கேட்டாள்: "ஏன்னா, இந்த ரோடு வழுவழுன்னு இருக்கே. இப்பவும் ஏன் ஆடறது?"

ஓரமாக நிறுத்தி மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் ஸ்பானரை மூன்று சுற்று திருப்பியதும் முன்சக்கரத்து போல்ட் கையோடு வந்தது.

"வளையம் போட்டா நீள போல்ட் வேணும் சாரே. ஏழெட்டு சுற்றாவது உள்ள பிடிக்கணும். இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா சக்கரம் தனியா போயிருக்கும், கேட்டோ!" என்றார் அவர், மலையாளம் கலந்த தமிழில்.

அன்றே வளையங்களைக் கழற்றிவிட்டேன். இப்போது எந்த டயரை மாற்றினாலும், போல்ட்டைக் கையால் திருகி ஏழெட்டு சுற்று எண்ணிய பிறகே ஸ்பானரை எடுக்கிறேன். கார் நடுங்கினால், ரோட்டைத் திட்டுவதற்கு முன் இறங்கிப் பார்க்கிறேன்.