கொடி ஏறியிருந்த குடில்

டெல்பர்ட் ஹாஸ்கின்ஸுக்கு எங்கள் காலிஸ்டர் ஊரில் இரண்டு பெயர். ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்தது. மற்றது ஊர் வைத்தது: கதவுதட்டி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மனிதர் இருபத்தேழு வருஷம் மாவட்டத்துக் கிரேடர் வண்டியை ஓட்டியவர். தகரக்கூரை மாதிரி அலை விழுந்து கிடக்கும் மண் ரோட்டைச் சுரண்டிச் சமன் செய்வதுதான் வேலை. மாட்டு வேலி கேட் வரைக்கும் இருபது மைல் அவர் பொறுப்பு. அதற்கு அப்பால் முறியச்சு ரோடு. வண்டி அச்சு முறியும் என்று பேரிலேயே தெரியவில்லையா? பாறையும் மணலுமாக ஐம்பது மைல். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில்லாமல் போனால் நடந்துதான் திரும்ப வேண்டும். தண்ணீர்க் குழாய் கிடையாது, போன் கிடையாது, ஆள் கிடையாது. வாரமெல்லாம் ரோட்டோடு மல்லுக்கட்டிய டெல்பர்ட், லீவு கிடைத்தால் ரோடே இல்லாத அந்த இடத்துக்குத்தான் போவார். "செக்குமாட்டுக்கு லீவு விட்டாலும் செக்கைத்தான் சுத்தும்" என்று பெட்ரோல் பங்க் நோரீன் கேலி செய்வாள்.

அவர் பயணம் போகிற அழகைச் சொல்ல வேண்டும். கேட்டருகே இறங்கி, மணலில் புதையாமலிருக்க நாலு டயரிலும் காற்றைப் பாதியாக இறக்குவார். பின்தட்டில் இரண்டு ஸ்டெப்னி, மண்வெட்டி, ஆள் உயர ஜாக்கி, மூன்று கேன் தண்ணீர். முன்னே யாரோ அடுப்புக் கல் கூட்டிய இடம் பார்த்துத்தான் தங்குவார், புது இடத்தில் ஒரு செடியை மிதிக்க மாட்டார். மழை மேகம் கண்ணுக்கே தெரியாத நாளிலும் காட்டாற்று மணலில் படுக்க மாட்டார். டப்பா பீன்ஸைச் சுடவைத்துத் தின்றுவிட்டு வண்டியின் பின்தட்டில் கட்டையை நீட்டிவிடுவார். கிளம்பும்போது குப்பையோடு அடுப்புச் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வருவார்.

அந்த ரோட்டோரம் அந்தக் காலத்துச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போன குடில்கள் ஏழெட்டு உண்டு. பூட்டில்லை, வாடகையில்லை, முதலில் வந்தவருக்கு இடம். வந்தவர் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குடிலுக்கு எதிரே இருக்கிற கம்பத்தில் கொடியை ஏற்ற வேண்டும். கொடி பறந்தால் உள்ளே ஆள் உண்டு என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் ஹாரன் அடிக்காமல், குரல் கொடுக்காமல், வந்த சுவடு தெரியாமல் திரும்பிவிட வேண்டும். எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூட இது தெரியும். அவ்வளவு தூரம் உடம்பு நோகப் போகிறவன் தனியாக இருக்கத்தானே போகிறான்? அதைக் கெடுக்கிறவன் மனிதனா?

கெடுத்தார் டெல்பர்ட். கொடி பறக்கிற எந்தக் குடிலையும் அவர் தாண்டிப் போனதில்லை. இறங்கி, நடந்து, கதவை இரண்டு தட்டு தட்டுவார். மூன்றாவது தட்டு தட்டவே மாட்டார். "உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"யோவ் பெரியவரே, கொடி பறக்குறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரியுது தம்பி. நல்லா இருக்கீங்கல்ல? சரி, சரி."

ஒருமுறை புதுமணத் தம்பதி தங்கியிருந்த குடிலில் இவர் போய்த் தட்ட, மாப்பிள்ளை துண்டோடு வெளியே வந்து பூட்ஸைக் கழற்றி வீசினான். அது டெல்பர்ட்டின் வண்டித் தட்டில் விழுந்துவிட்டது. மறுநாள் பன்னிரண்டு மைல் திரும்பி வந்து, பூட்ஸைத் துடைத்துப் படியில் வைத்தார். வைத்தவர் சும்மா போகக் கூடாதா? மறுபடியும் இரண்டு தட்டு.

ஊர் சிரித்தது. கிறுக்கு என்றது. ஆனால் வருஷத்தில் ஒரு வாரம், நவம்பர் இரண்டாம் வாரம், அவர் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை, நோரீனைத் தவிர.

எண்பத்தாறாம் வருஷம் அந்த வாரத்தில்தான் அது நடந்தது. அதுவரைக்கும் அவர் எந்தக் கதவையும் தட்டியவரில்லை. மூன்று மணிப் பொழுது. எலும்பைக் குடைகிற காற்று. அன்றைக்கு மட்டும் குடிலில் கூரைக்குக் கீழே படுக்கலாம் என்று ஆசைப்பட்டு டெல்பர்ட் ஊற்றங்கரைக் குடிலுக்கு வந்தார். கொடி பறந்தது. பச்சை ஜீப் ஒன்று நின்றது. அறுபது தப்படி தள்ளி வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, "போச்சுடா" என்று சொல்லிக்கொண்டார்.

அப்போது ஒரு சத்தம். டங், டங், டங். சற்று நின்று, மறுபடியும் மூன்று.

கூரைத் தகரம் பெயர்ந்து காற்றில் அடிக்கிறது, அடுத்த முறை ஆணி கொண்டு வர வேண்டும் என்று நினைத்தார். முறை தெரிந்த மனிதராக ஓசைப்படாமல் வண்டியைத் திருப்பி, இரண்டு மைல் தள்ளி ஒரு பாறை மறைவில் தங்கினார். நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கத்தைத்தான் அவரால் இன்றுவரைக்கும் மன்னிக்க முடியவில்லை.

உள்ளே இருந்தவள் ஐலீன் ஸ்டர்டிவண்ட். அடுத்த மாவட்டத்துப் பள்ளிக்கூட ஆசிரியை, அறுபத்திரண்டு வயது, அந்த ரோட்டில் தனியாகவே வந்து தங்கிப் பழகியவள். வந்த அன்றே கொடியை ஏற்றியிருக்கிறாள். பிறகு ஊற்றில் தண்ணீர் மொள்ளப் போய் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. தவழ்ந்து தவழ்ந்து குடில் வரைக்கும் வந்தவளால் அதற்குமேல் முடியவில்லை. ஜீப்பின் கிளட்சை மிதிக்கக் கால் வராது. கம்பம் முப்பது தப்படி தூரத்தில் இருந்தது. தான் ஏற்றிய கொடி தன்னைப் பார்க்க வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்தும், அவளால் அதை இறக்க முடியவில்லை. வண்டி வந்துபோன பிறகும் இரண்டு நாள் உயிர் இருந்தது என்றார் டாக்டர்.

ஆறாம் நாள்தான் கண்டெடுத்தார்கள். குடிலுக்கு வருகிறவர்கள் எழுதிவைக்கிற நோட்டில், ஒரு வண்டி வந்து நின்று திரும்பியதாக அவள் எழுதியிருந்தாள். அது யார் வண்டி என்று போலீஸ்காரர் நோரீன் கடையில் நின்று கேட்டபோது, டெல்பர்ட் பக்கத்தில்தான் காபிக் கோப்பையோடு நின்றார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை என்பது வாரமாகி, வாரம் வருஷமானது.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு டப்பா ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு அந்தக் குடிலின் கூரைமேல் ஏறினார். ஒவ்வொரு தகரமாகக் கையால் அசைத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஆடவில்லை. அந்தக் கூரைமேல் உட்கார்ந்து கதறி அழுதார் மனிதர். அந்தச் சத்தம் அன்றிலிருந்து அவர் காதை விட்டுப் போகவில்லை. வீட்டில் தண்ணீர்க் குழாய் அதிர்ந்தால் எழுந்து கதவைத் திறந்து பார்ப்பார். "நம்ம வீட்டுக்கு யாரு வரப்போறா, கெடந்து தூங்குய்யா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி ஆர்லீன், கடைசியில் தங்கை வீட்டோடு போய்விட்டாள்.

ஐலீனின் மகள் மார்னி வருஷம் தவறாமல் அந்த வாரம் வருவாள், அதே குடிலில் தங்குவாள், கொடியை ஏற்றுவாள். டெல்பர்ட் தட்டாத ஒரே கதவு அதுதான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்?

பதினோராவது வருஷம் நோரீன் அவரைப் பிடித்துவிட்டாள். முறியச்சு ரோட்டுக்குப் போகிறவர்கள் அவள் கடைக் காலண்டரில் திரும்பும் தேதியில் பெயரை எழுதிவிட்டுப் போவது வழக்கம்.

"அந்தப் பொண்ணு செவ்வாய்க்கிழமை வந்துர்றேன்னு எழுதிட்டுப் போச்சு. இன்னிக்கு வெள்ளி."

"போலீஸுக்குச் சொல்லு."

"சொல்லாமலா இருப்பேன்? மான் வேட்டைக்குப் போன ரெண்டு பேரக் காணோம்னு எல்லாரும் வடக்க போயிருக்காங்களாம். நாளைக்குத்தான் வருவாங்களாம். ஊரு உலகத்துக் கதவையெல்லாம் தட்டுற ஆளு நீ. இந்தக் கதவுக்கு மட்டும் கை வலிக்குதாக்கும்?"

"கால்முட்டி வலி, நோரீன்."

"நீ என்ன முட்டியாலயா கதவத் தட்டுற? கெளம்புப்பா. ஏற்கனவே ஒரு பொம்பள அங்க செத்தது போதாதா?"

அதற்குமேல் டெல்பர்ட்டால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர்க் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மூன்று மணி நேர ஓட்டம். வழியெல்லாம் அந்தப் பெண் கைகால் முறிந்து கிடப்பதாகவே அவருக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. தான் தூங்கிய பாறை மறைவைக் கடந்தபோது கண்ணை அந்தப் பக்கம் திருப்பவில்லை. வளைவு திரும்பியதும் கொடி தெரிந்தது. அம்மாவின் அதே பச்சை ஜீப், அதே இடத்தில் நின்றது. அவர் கால் தானாகவே பிரேக்கை அமுக்கியது. அறுபது தப்படி. எஞ்சினை அணைத்தார்.

ஒரு சத்தமும் இல்லை. பதினோரு வருஷமாக எந்தச் சத்தம் கேட்கக் கூடாது என்று வேண்டினாரோ, அதையே, "ஒரே ஒரு தடவ அடிச்சுரும்மா" என்று வாய்விட்டுக் கெஞ்சினார். காற்று மட்டும் வீசியது.

இறங்கி நடந்தார். இரண்டு தட்டு. பதில் இல்லை. மறுபடியும் இரண்டு. அப்புறம் கை அவர் பேச்சைக் கேட்காமல் மூன்றாவதையும் தட்டிவிட்டது.

கதவு திறந்தது. கம்பளித் தொப்பி, நாற்பது வயது, உடம்பில் ஒரு கீறல் இல்லாமல் நின்றாள் மார்னி.

"நல்லா இருக்கியாம்மா?"

"நல்லாத்தான் இருக்கேன். கொடி பறக்குதே, பாக்கலையா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் தட்டுனீங்க?"

"செவ்வாய்க்கிழமைன்னு எழுதியிருந்தியாமே. நோரீன் பதறிப்போய்ட்டா."

"வேணும்னுதான் தாண்டினேன்" என்றாள். "பதினோரு வருஷமா கொடிய ஏத்திட்டு உள்ள உக்காந்திருக்கேன். எத்தனையோ வண்டி வந்துச்சு. எல்லாம் மரியாதையாத் திரும்பிப் போயிருச்சு. தேதி தாண்டினாலாவது ஒருத்தராவது தட்டுறாங்களான்னு பாத்தேன். நீங்கதான் மொத ஆளு. உள்ள வாங்க, குளிருது."

அவள் முகத்தில் அப்படி ஒரு நன்றி. டெல்பர்ட் அதை நிமிர்ந்து பார்க்காமல் உள்ளே நுழைந்தார். உள்ளே கணப்பு எரிந்தது. சுவரில் ஓர் இரும்பு வாணலி தொங்கியது, அடிப்பக்கம் நசுங்கியிருந்தது. அவள் பையிலிருந்து பழைய நோட்டை எடுத்தாள்.

"அம்மா எழுதினது. போலீஸ் எங்கிட்டயே குடுத்துட்டாங்க. படிக்கிறேன், கேளுங்க."

படித்தாள். 'இன்று மதியம் ஒரு வண்டி வந்து நின்றது. கொடியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. காற்று பலமாக அடிக்கிறது, அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. அவரை யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் போயிருப்பேன்.'

"இந்த நாலு வரிதான் என்னத் தூங்க வெக்கிது" என்றாள். "காத்து. அவருக்குக் கேக்கல. யாரு மேலயும் தப்பில்ல."

வாயை மூடிக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு, நல்ல பெயரோடு போய்விடலாம். டெல்பர்ட்டுக்கு அது தெரியாமலில்லை. அவள் தூக்கத்தைக் கெடுக்க இவருக்கு என்ன உரிமை என்றும் ஒரு மனம் கேட்டது. ஆனால் செத்தவள் எழுதிக்கொடுத்த பொய்யில் ஒளிந்துகொள்ள அவருக்குக் கூசியது.

"அந்த வண்டி என்னுதும்மா."

அவள் நோட்டை மெல்ல மூடினாள். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி கேட்டாள்: "உங்களுக்கு ஒண்ணும் கேக்கலதான? காத்துதான?"

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அவர் நாக்கு நுனியில் அது நின்றது.

"கேட்டுச்சும்மா" என்றார். "மூணு அடி. கொஞ்சம் நிறுத்தி, மறுபடியும் மூணு. கூரைத் தகரம்னு நெனச்சேன். அப்புறம் வந்து பாத்தேன். ஒரு தகரமும் ஆடல."

மார்னியின் பார்வை சுவருக்குப் போனது. வாணலியை எடுத்து நசுங்கிய இடத்தை விரலால் தடவினாள்.

"கீழ விழுந்து நசுங்கினதுன்னு நெனச்சுட்டேன். அடிச்சேன்னு அம்மா எழுதவே இல்லையே..." வாணலியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வெளிய போங்க. தயவுசெஞ்சு போயிருங்க."

போனார். போகாமல் என்ன செய்வார்? வண்டியில் ஏறி எஞ்சினை முடுக்கினார். பக்கத்திலேயே காவலுக்கு நிற்பதா, அவள் சொன்னபடி போய்விடுவதா என்று புரியாமல், கடைசியில் வண்டியைத் திருப்பினார்.

டங், டங், டங்.

சற்று நின்று, மறுபடியும் மூன்று.

டெல்பர்ட் எஞ்சினை அணைத்தார். வண்டிக் கதவைச் சாத்தாமல், முட்டி வலியோடு அந்த அறுபது தப்படியையும் ஓடினார். இந்த முறை தட்டவில்லை, தள்ளித் திறந்தார். அம்மா கிடந்த இடத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள் மார்னி. மடியில் வாணலி, கையில் விறகுக்கட்டை, கன்னமெல்லாம் கண்ணீர்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சும்மா."

"அங்க வரைக்கும் நல்லாக் கேட்டுச்சா?"

"நல்லாக் கேட்டுச்சு."

அவள் கட்டையை ஓங்கி மறுபடியும் மூன்று அடி அடித்தாள். டெல்பர்ட் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்து, அவளாக நிறுத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.