கூண்டில் நின்ற வாத்தியார்

ஆஸ்டின் டவுன் பள்ளியொன்றில், நீதிமன்றம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட மாதிரி வழக்கு நடத்தினார்கள். நீதிபதி நான். வக்கீலாக நான் ஒரு வழக்கிலும் ஜெயித்ததில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. பள்ளி மணியைத் திருடியவராக நிற்க எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. அதனால் சமூக அறிவியல் வாத்தியாரே பெஞ்சுகளால் அடைத்த கூண்டுக்குள் போனார். ஒல்லியான மனிதர். சட்டையின் கழுத்துப் பட்டனையும் போட்டிருந்தார். பேசும் முன் அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

உண்மையைத்தான் சொல்வேன் என்று சத்தியம் செய்தார். அரசு வக்கீலாக வந்த சிறுமி எழுந்தாள்.

“மணி காணாமப் போன சாயந்திரம் எங்க சார் இருந்தீங்க?”

“வீட்லதான்மா.”

“கூட யார் இருந்தாங்க?”

ஒத்திகையில் இதற்கு ‘சம்சாரம்’ என்று பதில் சொல்லியிருந்தார். இப்போது பட்டனைத் தொட்டார்.

“யாரும் இல்லம்மா.”

“அப்போ நீங்க வீட்ல இருந்தது யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது.”

பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனாலும் ஆதாரம் போதாது என்று விடுதலை செய்தேன். எல்லோரும் கலைந்ததும் கேட்டேன்:

“ஒத்திகையில சம்சாரம்னு சொன்னீங்களே சார்?”

“அப்ப சத்தியம் வாங்கல சார்.”

தீர்ப்புச் சொல்லி வெகுநேரம் ஆகியும், கூண்டை விட்டு வெளியே வர அவர் அவசரப்படவே இல்லை.