கேட்டிலிருந்து அறுபது அடி

இந்த முறை எங்கள் ஓட்டுச் சாவடியைச் சொசைட்டிக்குள் வைத்தார்கள்.

சொசைட்டி என்பது நான் வாட்ச்மேனாக இருக்கும் இடம். மராட்டி பேசும் ஊர், கோர்படிப் பக்கம், ரயில் லைனுக்கு இந்தப் புறம். நான்கு கட்டடம், பன்னிரண்டு பன்னிரண்டு மாடி. பின்சுவருக்கு அந்தப் புறம் எங்கள் குடிசைப் பகுதி, பஸ்தி என்பார்கள். அங்கேதான் பிறந்தேன். அப்பா வேலூர்ப் பக்கத்து ஆள். வெடிமருந்து ஃபாக்டரியில் மூட்டை தூக்க வந்தவர். நான் ஐந்தாவதோடு நின்றேன். போசரியில் ஒரு பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தேன். பட்டறையை மூடினார்கள். அதன்பிறகு ஆறு வருடமாக இந்த நாற்காலி.

முன்பு ஓட்டுப் போட முனிசிபல் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும். பெரிய கட்டடத்துக்காரர்கள் அங்கே வருவதே இல்லை. அவர்கள் வீட்டுக்குக் கீழேயே மெஷினைக் கொண்டுவந்து வைத்தால் வருவார்கள் என்று மேலே யாரோ யோசித்திருக்கிறார்கள். கிளப் ஹவுசில் பூத். சொசைட்டிக்கும் பஸ்திக்கும் சேர்த்து ஒரே பூத்.

என் நாற்காலியிலிருந்து கிளப் ஹவுஸ் கதவு அறுபது அடி. தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் அறுபது அடி, அதை இழுத்தால் அந்தக் கதவில் போய் முடியும். அதனால் தெரியும்.

கடைசி மூன்று எலெக்ஷனில் நான் ஓட்டுப் போடவில்லை. என் ஷிஃப்ட் காலை ஏழிலிருந்து இரவு ஏழு. ஓட்டு காலை ஏழிலிருந்து மாலை ஆறு. ஓட்டுப் போட லீவு கொடுக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். ஏஜென்சி சூப்பர்வைசரிடம் ஒருமுறை கேட்டேன். அது கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு என்றார். அப்படியானால் நாங்கள் யார் என்று நான் கேட்கவில்லை.

முதல் தடவை போகாதபோது, போக முடியவில்லை என்று சொன்னேன். இரண்டாம் தடவை, ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது என்று சொன்னேன். மூன்றாம் தடவை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

என் மனைவி ஒருமுறையும் விட்டதில்லை. அவள் இதே சொசைட்டியில் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், ஒன்பது வருடமாக. எனக்கு முன்னாலேயே வந்தவள். பின் கேட் வழியாக வருவாள். வேலைக்காரர்கள் எல்லாருக்கும் அந்த வழிதான். கழுத்தில் கார்டு இருக்கவேண்டும், திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்டவேண்டும். எனக்குப் பின் கேட்டில் வேலை இருக்கும் வாரங்களில் அவள் பையையும் நான்தான் பார்ப்பேன். பார்க்காவிட்டால் கேமராவில் தெரியும்.

ஓட்டுப் போட்டு என்ன கண்டாய் என்று அவளிடம் ஒருமுறை கேட்டேன். பஸ்திக் கால்வாய் ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்குள்தான் வருகிறது. அதை மனதில் வைத்துக் கேட்டேன். அவள், "பேரு கூப்புடுவாங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குப் புரிந்தது. நான்கு வீட்டிலும் அவளை மௌசி, அதாவது சித்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பூத்தில் லிஸ்ட் வைத்திருப்பவர் நம்பரும் முழுப் பேரும் சத்தமாகப் படிப்பார். மற்றவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் படிக்கிறார். அவளுக்கு அது போதும்.

ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் போலீஸ் வந்து பார்த்தார்கள். ஒரே வழிதான் இருக்கவேண்டும் என்று பின் கேட்டைப் பூட்டச் சொன்னார்கள். பின் கேட் வாட்ச்மேன் லாத்தூர்ப் பக்கத்து ஆள். அவன் ஊர் வேட்பாளர் பஸ் அனுப்பியிருந்தார், ஓட்டுப் போட ஊருக்குப் போய்விட்டான். ஒரு கேட்தானே, ஒரு ஆள் போதும் என்று சூப்பர்வைசர் ஃபோனில் சொன்னார்.

சொசைட்டி செகரட்டரிக்கு ஒரே கவலை. பஸ்தி முழுக்க மெயின் கேட் வழியாக வருமே என்று. ரெஜிஸ்டரில் ஒவ்வொருவர் பேரும் எழுது, யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் எல்லாம் எழுது என்றார். பூத்துக்குத் தலைவராக வந்திருந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். அந்த அம்மா நேராக என் மேசைக்கு வந்து, நாளைக்கு ஓட்டுப் போட வரும் யாரையும் எழுதவும் கூடாது, நிறுத்தவும் கூடாது என்றார். நான் ரெஜிஸ்டரை மேசைக்குள் வைத்தேன். ஆறு வருடத்தில் அது மேசைமேல் இல்லாத நாள் அது ஒன்றுதான்.

காலை ஏழு மணிக்கு முதல் ஆளாகச் செகரட்டரி போட்டார். வெளியே வந்து விரலைக் காட்டி ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்.

அப்புறம் பஸ்தி ஆட்கள். நல்ல துணி உடுத்தி, தலை வாரி வந்தார்கள். கேட்டுக்கு வெளியே கூட்டமாக நின்றார்கள். உள்ளே வரவில்லை. கேட்டுக்குக் குறுக்கே இருக்கும் கம்பி தூக்கித்தான் இருந்தது. நான் எழுந்துபோய், உள்ள வாங்க, உள்ள வாங்க என்று கையைக் காட்டவேண்டியிருந்தது. ஓட்டுப் போட்டுத் திரும்பும்போது, இங்கே வீட்டு வேலை செய்யும் பெண்கள் இரண்டு மூன்று பேர் என் முன்னால் நின்று பையைத் திறந்து காட்டினார்கள். பழக்கம். நான் பார்க்காமல் போகச் சொன்னேன்.

என் மனைவி எட்டு மணிக்கு வந்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் புடவை. என் மேசை முன்னால் நின்றாள்.

"இன்னா வாட்ச்மேன், எந்த ஃப்ளாட்டுன்னு கேக்கமாட்டியா?"

போய்ப் போடு என்றேன். போட்டுவிட்டு வந்தாள்.

"நீ எப்போ?"

கேட்டை யார் பார்ப்பது என்றேன். அவள் கிளப் ஹவுசைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வேலை இருந்த ஒரு வீட்டுக்கு லிஃப்ட் ஏறிப் போனாள். மற்ற மூன்று வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. ஓட்டு நாளோடு சேர்த்து நாலு நாள் லீவு விழுந்திருந்தது. முந்தின நாளே கார்களில் பெட்டி ஏற்றி மகாபலேஷ்வர் பக்கம் போய்விட்டார்கள். கம்பியைத் தூக்கிவிட்டவன் நான்தான்.

பதினோரு மணிக்குள் பஸ்தி முடிந்தது. அதற்குப் பிறகு பூத்தில் ஈ கூட இல்லை. பூத் டீச்சர் வாசலில் வந்து நின்று கட்டடங்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு செகரட்டரியைக் கூப்பிட்டார். உங்கள் ஆட்களுக்காகத்தான் இங்கே வைத்தோம், உங்கள் ஆட்களையே காணோமே என்று கேட்டிருக்கிறார். செகரட்டரிக்கு முகம் செத்துப்போயிற்று. என்னிடம் ஒரு லிஸ்ட்டைக் கொடுத்து, ஒவ்வொரு ஃப்ளாட்டுக்கும் இன்டர்காம் போட்டு ஓட்டுப் போட வரச் சொல்லு என்றார்.

அப்போது கேட்டேன். சார், எனக்கும் இந்தப் பூத்தில்தான் பேர் இருக்கிறது, பத்து நிமிஷம் போய் வரட்டுமா என்று. இன்றைக்கு என்று பார்த்து வெளி ஆட்கள் வருகிறார்கள், இன்றைக்குக் கேட் காலியாக இருக்கக் கூடாது என்றார். காலியாக இருந்தால் ஏஜென்சிக்குச் சொல்வேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவனை டீ குடிக்கப் போனதற்காக மாற்றினார்கள். எனக்கு அது தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

ஓட்டர் சிலிப் சட்டைப் பையில் இருந்தது. ஒரு வாரமாக அங்கேதான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஃபோன் போட ஆரம்பித்தேன்.

சார், ஓட்டு. மேடம், ஓட்டு. கிளப் ஹவுசில். ஆறு மணி வரைக்கும். இதையே சொன்னேன். தூங்குகிறார் என்றார்கள். வெயில் போகட்டும் என்றார்கள். லைன் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை என்றேன், அப்படியானால் அவசரம் இல்லையே என்றார்கள். ஒரு அம்மா, மேலே அனுப்ப முடியுமா என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டாரா என்று இன்னும் தெரியவில்லை. சிலர் வந்தார்கள். வரவில்லை என்று சொல்லமாட்டேன். பாதிக்கு மேல் வரவில்லை.

பி கட்டடத்தில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார், கம்ப்யூட்டர் வேலை. இங்கே என்னிடம் தமிழ் பேசுவது அவர் ஒருவர்தான். நாலு மணிக்குப் பார்சல் வாங்கக் கீழே வந்தார். அவரிடமும் சொன்னேன்.

"எனக்குப் பேரு ஊர்லயே இருக்குதுங்கண்ணா. மாத்தோணும் மாத்தோணும்னு அஞ்சு வருசமாச்சு" என்றார். கொஞ்சம் கழித்து, "ஒரு ஓட்டுல என்னங்கண்ணா ஆகப்போகுது" என்றார்.

அது நான் சொன்ன பேச்சு. வேறு ஆள் வாயில் கேட்டபோது நன்றாக இல்லை. அவருக்குக் கால் இருக்கிறது, லீவு இருக்கிறது, மாற்றியிருந்தால் பூத் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அவர் சொன்னால் அது அவர் எண்ணம். நான் சொன்னது அப்படி இல்லை. போக விடவில்லை என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் போக விருப்பமில்லை என்று மாற்றிச் சொல்லிக்கொண்டேன். மூன்று எலெக்ஷன் அப்படிப் போயிற்று.

"நீங்க போட்டாச்சுங்களா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"இங்கயேதானுங்களே இருக்குது" என்று கிளப் ஹவுசைக் காட்டினார். அதற்குள் அவருக்கு ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே லிஃப்ட்டுக்குப் போனார்.

செகரட்டரி சொந்தக்காரர் வீட்டுக்கு என்று காரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஆறு மணிக்குள் வந்துவிடுவேன், கேட்டை விட்டு நகராதே என்று கண்ணாடியை இறக்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு என் மனைவி வந்தாள். வேலை முடித்து, முகம் கழுவி, அதே புடவையில். போட்டாயா என்று கேட்கவில்லை. என் விரலைப் பார்த்தாள்.

"எழுந்திரு. நான் நிக்கறேன், போய்ட்டு வா."

உனக்குத் தெரியாது என்றேன்.

"இன்னா தெரியாது? கம்பிய தூக்கணும், எறக்கணும். ஆறு வருசமா அதானய்யா நீ செய்யற."

செகரட்டரி வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"வந்தா கம்பிய தூக்கறேன். கேட்டு காலியாதான் இருக்கக் கூடாது? காலியா இல்ல. நான் கீறேன்."

நான் உட்கார்ந்தே இருந்தேன். வேலை போனால் வேறு வேலை தேட வயது இல்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். கிளப் ஹவுஸ் வாசலில் இருந்த போலீஸ்காரர் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார். கதவைச் சாத்தப்போகிறார்கள் என்று தோன்றியது. டிபன் பைக்குள் இருந்த ஓட்டர் கார்டை எடுத்துக்கொண்டு நடந்தேன். ஓடவில்லை.

உள்ளே யாரும் இல்லை. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. லிஸ்ட் வைத்திருந்த பெண் சிலிப்பை வாங்கி என் நம்பரைப் படித்தார். பிறகு என் பேரைப் படித்தார். முழுப் பேர், அப்பா பேரோடு. மராட்டி வாயில் கொஞ்சம் கோணியது. ஆனாலும் என் பேர்தான். அந்தக் காம்பவுண்டுக்குள் அதை நான் கேட்டதே இல்லை. நான் அங்கே வாட்ச்மேன். இல்லாவிட்டால் காக்கா, அதாவது சித்தப்பா.

கையெழுத்துப் போட்டேன். இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். பட்டனை அமுக்கினேன். பீப் சத்தம் நீளமாகக் கேட்டது. யாருக்குப் போட்டேன் என்பது இங்கே வேண்டாம். அவர் தோற்றார்.

வெளியே வந்தபோது கேட்டில் செகரட்டரியின் கார் நின்றது.

நான் அறுபது அடியில் நின்றேன். கம்பி இறங்கியிருந்தது. என் மனைவி கம்பிக்குப் பக்கத்தில் நேராக நின்றாள். கார்டு கழுத்தில் இல்லை. கார்க் கண்ணாடி இறங்கியது. செகரட்டரி ஏதோ சொன்னார். என்ன என்று என் காதில் விழவில்லை. பிறகு அவர் கையை வெளியே நீட்டினார். விரலை நிமிர்த்திக் காட்டினார். அவள் குனிந்து விரலைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கம்பியைத் தூக்கினாள். கார் கீழே பார்க்கிங்குக்கு இறங்கிப் போனது.

நான் வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"எலெக்ஷன் மேடம்னு நெனச்சிட்டாருய்யா" என்றாள். "ஹோ கயா, ஹோ கயா, போட்டாச்சு போட்டாச்சுன்னு வெரல காட்டறாரு. நான் டீக் ஹை, சரின்னு சொன்னேன்."

செகரட்டரி வீட்டுக்கு எதிர் வீட்டில்தான் அவள் ஒன்பது வருடமாகப் பாத்திரம் தேய்க்கிறாள். தினமும் அதே லிஃப்ட் வாசல்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. செகரட்டரி மேலே ஏறி வருவதற்குள் அவளைப் போகச் சொன்னேன். மெயின் கேட் வழியாகவே போனாள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். பூத் டீச்சர் ஒரு பாட்டில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, மெஷினுக்குச் சீல் வைக்க உள்ளே போனார்.

மறுநாள் பின் கேட்டைத் திறந்தார்கள். லாத்தூர்க்காரன் வந்து சேரவில்லை, ஏஜென்சியிலிருந்து வேறு ஆளை அங்கே நிறுத்தினார்கள். என் மனைவி கார்டு போட்டுக்கொண்டு அந்த வழியாக வந்தாள். பை காட்டிவிட்டுப் போனாள். நான் ரெஜிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

சாயங்காலம் செகரட்டரி என் மேசைக்கு வந்தார். நேற்று கடைசி நேரத்தில் கேட்டில் ஒரு மேடம் நின்றாரே, அவர் எந்த ஆபீஸ் என்று கேட்டார். கொஞ்சம் தணிந்த குரல். தெரியாது சார் என்றேன். நம் சொசைட்டியில் ஓட்டுக் குறைவு என்று எதுவும் எழுதிக்கொண்டாரா என்று கேட்டார்.

எழுதவில்லை என்றேன்.

வராதவர்கள் பேர் எதுவும் கேட்டாரா?

பேர் கேட்கவில்லை சார் என்றேன்.

அவருக்கு நிம்மதி. அந்த நேரம் நான் எங்கே இருந்தேன் என்று கேட்கவில்லை. என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என் இடது கை ரெஜிஸ்டர்மேல்தான் இருந்தது, மையோடு.